கண்ணில்லாத கிழங்குக்கு ஒரு பருவம் முழுக்கத் தண்ணீர் ஊற்றியவன் எழுதுகிறேன்

டாலியா என்கிற பூச்செடியை விதையில் இல்லாமல் கிழங்கில் வளர்க்கிறவன் நான். இரண்டு வருடத்தில் 22 டாலியா கிழங்கு காசு கொடுத்து வாங்கினேன். மூன்றாவது வருடம் நடவுக்கு உட்கார்ந்தபோது கையில் உயிரோடு இருந்தது மூன்றே மூன்று கொத்து, அதாவது மூன்று செடியின் அடியில் திரண்ட கிழங்கு. மிச்சத்தைக் கொன்றது நான்தான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையாகப் பார்த்துக்கொண்டே கொன்றேன். இதைக் கேட்க அக்கம்பக்கத்தில் டாலியா வளர்க்கிற ஆள் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு தப்பையும் ஒரு பருவம் முழுக்கச் செய்துபார்த்துத்தான் அது தப்பு என்று தெரிந்துகொண்டேன். இப்போதுதான் முதல் தடவையாகக் கிழங்கு கையில் எடுக்கப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு வருடமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் 12 கிழங்கு. பெட்டியைப் பிரித்தபோதே எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. படத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூ, கையில் இருப்பதோ வதங்கிப்போன சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி ஒன்று, ஒரு முனையில் எலி வால், இன்னொரு முனையில் காய்ந்த தண்டுத் துண்டு. இவ்வளவு காய்ந்திருக்கிறதே, பாவம், தாகமாக இருக்கும் என்று நானாக முடிவு செய்து ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் நட்டுவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றும் காணோம். போனில் அம்மாவிடம் சொன்னபோது, "ஏன்டா, ரெண்டு வேளையும் ஊத்துறியே, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றாள். அம்மா டாலியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை, அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாவது வாரம் பொறுக்க முடியாமல் கையால் மண்ணைத் தோண்டினேன். கட்டைவிரல் நேராகக் கிழங்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. தோல் நனைந்த காகிதம் மாதிரி தனியாகக் கழன்று வந்தது, உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ். அந்த நாற்றம் கையைவிட்டுப் போக மூன்று தடவை சோப்புப் போட்டேன். அப்படி ஏழு.

காரணம் தெரிந்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. டாலியாவின் சொந்த ஊர் மெக்சிகோவின் மேட்டுநிலம். அங்கே மழைக்காலத்தில் வளர்ந்து பூத்து, அப்புறம் வருகிற வறண்ட மாதங்களை மண்ணுக்கடியில் சும்மா படுத்துக் கடத்துகிற செடி இது. அந்தக் கிழங்கே அதன் தண்ணீர்ப் பானை. முளைத்து வெளியே வருவதற்குத் தேவையான ஈரமும் சாப்பாடும் உள்ளேயே இருக்கிறது. நடும்போது தண்ணீரைக் குடிக்க அதற்கு வேரே கிடையாது, நாம் ஊற்றுவது சுற்றித் தேங்கி அழுகத்தான் வைக்கும். இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: மண் கையில் பிடித்தால் லேசாக ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அந்த மண்ணில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து, கண், அதாவது முளை கிளம்புகிற இடம், மேலே பார்க்க மூடிவிட்டு, பச்சையாக முளை வெளியே தெரிகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன். மண்ணின் சூடு 15 டிகிரியாவது வரவேண்டும், குளிர்ந்த ஈர மண்ணில் அவசரப்பட்டு நட்டால் அதுவும் அழுகல்தான். நடவு நேரத்தில் விடாமல் மழை பெய்கிற இடமாக இருந்தால் தரையில் நடாமல், லேசாக ஈரமாக்கிய தேங்காய்நார்த் தூளில் தொட்டியில் முளைக்கவைத்துப் பிறகு மாற்றுங்கள். முளைக்க இரண்டு வாரமும் ஆகும், ஆறு வாரமும் ஆகும். நடுவில் தோண்டிப் பார்க்காதீர்கள். தோண்டுகிறபோது முளை ஒடிந்துபோகும், நான் அப்படியும் ஒன்றை ஒடித்திருக்கிறேன், நல்ல காலம் அது பக்கத்தில் இன்னொன்று விட்டது.

ஏழு அழுகியது போக ஐந்து. அதில் மூன்று முளைத்துவிட்டது. மிச்சம் இரண்டைப் பற்றித்தான் தலைப்பில் சொன்னேன். அந்த இரண்டும் அழுகவே இல்லை. தோண்டிப் பார்க்கும்போதெல்லாம் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தது, வெள்ளை வெளேரென்று வேர்கூட விட்டிருந்தது. வேர் வந்துவிட்டதே, முளை வராமல் எங்கே போகும் என்று அந்தப் பருவம் முழுக்க ஊற்றினேன், இலையுதிர்காலம் வரைக்கும். முளைக்கவே இல்லை, முளைக்கவும் முளைக்காது. உருளைக்கிழங்குக்கு உடம்பு முழுக்கக் கண் இருக்கும், டாலியாவுக்கு அப்படி இல்லை. இது உண்மையில் தடித்துப்போன வேர். முளை விடுகிற கண் பழைய தண்டின் அடிப்பாகமும் கிழங்கின் கழுத்தும் சேருகிற அந்தத் தலைப்பகுதியில் மட்டும்தான் இருக்கும். அந்தத் தலைத் துண்டு இல்லாமல் வெறும் கிழங்கு வந்தாலோ, கழுத்து ஒடிந்து நார் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். எனவே கிழங்கு வந்ததும் முதல் வேலையாகக் கழுத்தைப் பாருங்கள், லேசாக அசைத்தால் தொங்குகிறதா என்று பாருங்கள், தொங்கினால் அன்றைக்கே விற்றவரிடம் சொல்லிவிடுங்கள். நான் ஆறு மாதம் கழித்துக் கேட்டேன், யார் பதில் சொல்வார்கள்? அளவைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், விரல் தடிமனுள்ள சின்னக் கிழங்கில் ஒரு நல்ல கண் இருந்தால் அது ஆளுயரச் செடியாகும்.

முளைத்த மூன்றில் ஒன்று காற்றில் சாய்ந்தது. டாலியா தண்டு உள்ளே குழல், பூ விட ஆரம்பித்தால் தலை கனம் தாங்காது. சாய்ந்த அன்றைக்குப் பதறிப்போய் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டை ஒட்டி ஒரே குத்தாகக் குத்தி நிறுத்திக் கட்டினேன். கம்பி இறங்கும்போது நடுவில் "நறுக்" என்று ஒன்று கேட்டது. கேட்டும் அது என்னவென்று எனக்கு உறைக்கவில்லை. பத்து நாளில் செடி வதங்கி, இழுத்தால் கையோடு வந்தது, கம்பி கிழங்கின் நட்ட நடுவில் ஏறியிருந்தது. கொம்பை நடவு அன்றைக்கே, கிழங்கு கண்ணுக்குத் தெரியும்போதே ஊன்றிவிட வேண்டும், கிழங்கைப் பக்கத்தில் வைத்து மூட வேண்டும். அன்றைக்கு வெறும் மண்ணில் கொம்பு நிற்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும்.

ஆக, 12க்கு இரண்டு செடி பூத்தது. அந்த இரண்டு செடியைப் பார்த்த சந்தோஷத்தையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இவன் ஏன் இத்தனைக்கும் விடாமல் இதைக் கட்டி அழுதான் என்று தோன்றும். ஒன்று அடர் ஒயின் நிறம், இதழ் ஒவ்வொன்றும் தேன்கூட்டு அறை மாதிரி உருண்டு, அளவெடுத்து அடுக்கியதுபோல. காலையில் காபிக் கோப்பையோடு அதன் முன்னால் போய் நின்று ஆபீசுக்கு லேட் ஆகியிருக்கிறேன்.

அடுத்து சேமிப்பு. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் மண் உறைந்துவிடும், உறைந்த மண்ணில் டாலியா கிழங்கு பிழைக்காது, தோண்டி எடுத்து வைக்க வேண்டும். மண் உறையாத, தண்ணீர் நன்றாக வடிகிற இடத்தில் இருப்பவர்கள் அப்படியே விட்டுவிடலாம், உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். நான் இரண்டு கொத்தையும் பளபளவென்று கழுவி, ஈரம் காயும் முன்பே பாலிதீன் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்தேன். வசந்தத்தில் ஒரு கவருக்குள் சூப். இன்னொன்றில் பாதிக் கொத்து பூஞ்சணம் பிடித்து, பாதி பிழைத்திருந்தது. அந்த ஒயின் நிறம்தான் பிழைத்தது.

இரண்டாம் வருடம் அந்தப் பாதிக் கொத்தைப் பெருக்கிவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். இந்த இடத்தில்தான் எனக்கு நானே செய்துகொண்ட பெரிய துரோகம். உருளைக்கிழங்கு விதைக்கு வெட்டுகிற மாதிரி குறுக்கே வெட்டி ஒன்பது துண்டாக்கினேன். ஒன்பது துண்டு, ஒன்பது செடி, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது! கண் தலையில் மட்டும்தான் என்பது அப்போது இன்னும் தெரியாது, போன வருடத்து இரண்டு மலட்டுக் கிழங்கும் ஏன் முளைக்கவில்லை என்பது இந்தத் துண்டுகளை அழுகக் கொடுத்த பிறகுதான் புரிந்தது. ஒன்பதில் ஒன்று முளைத்தது, அதுவும் தற்செயலாகத் தலைப்பகுதியோடு சேர்ந்து வந்த துண்டு.

எப்படிப் பிரிக்க வேண்டும் என்று கேட்டால், முதலில் கண்ணைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். இலையுதிர்காலத்தில் தோண்டிய உடனே பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, பழைய தண்டைச் சுற்றி ஊசித்தலை அளவுக்கு லேசான மேடு, சில ரகத்தில் அதன் நுனி இளஞ்சிவப்பாக இருக்கும், பரு கிளம்புவதற்கு முந்தின நாள் கன்னத்தில் தட்டுப்படுமே, அந்த மாதிரி. கையில் சாய்த்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால்தான் பிடிபடும். எனக்கு முதலில் எல்லாக் கீறலும் கண்ணாகத்தான் தெரிந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் வசந்தம் வரை கொத்தை முழுசாகவே வைத்திருந்து, நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் கொஞ்சம் சூடான இடத்தில் லேசான ஈரத்தில் வையுங்கள். கண் பொம்மென்று வீங்கி முளையாகவே நிற்கும், அப்புறம் தேட வேண்டியதே இல்லை. என்ன, அதற்குள் தண்டு விறகு மாதிரி இறுகியிருக்கும், வெட்டக் கை வலிக்கும். முதலில் கொத்தை நடுத்தண்டோடு இரண்டாகப் பிளந்து, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கண், ஒடியாத கழுத்து, ஒரு கிழங்கு, மூன்றும் இருக்கும்படி தலைப்பகுதியில் கொஞ்சம் சேர்த்து வெட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது குப்பைக்கு. பேராசைப்பட்டு ஒரு கண்ணை இரண்டாகப் பிளந்து இரண்டையும் இழப்பதைவிட, இரண்டு கிழங்கு சேர்ந்தே இருந்துவிட்டுப் போகட்டும். வெட்டுவாய் ஒரு நாள் காற்றில் காயட்டும்.

அந்த வருடம் புதிதாக வாங்கிய பத்தில் எட்டு முளைத்தது. தண்ணீர் விஷயத்தில் தேறிவிட்டேன் அல்லவா, அடுத்து உரத்தில் கவிழ்ந்தேன். தழைச்சத்து தூக்கலான உரத்தை வாரம் தவறாமல் போட்டேன். செடி என் தோளுக்கு மேல், இலை கரும்பச்சை, பார்க்கிறவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள், பூ மட்டும் இல்லை. இலையைக் குறைத்துப் பூவுக்குப் போக, நடும்போது நன்றாக மக்கிய உரம், மொட்டு விடும் நேரத்தில் தழைச்சத்து குறைவாகவும் சாம்பல்சத்து கூடவும் உள்ளது போதும். தழைச்சத்து அதிகம் தின்ற கிழங்கு சேமிப்பிலும் தங்காது என்பதை அந்தக் குளிர்காலமே காட்டியது. கொழுந்து கிள்ளுவதையும் அந்த வருடம் மனசு வராமல் விட்டுவிட்டேன். நான்கு ஜோடி இலை வந்ததும் நடுக்கொழுந்தை ஒடித்துவிட வேண்டும், அப்போதுதான் பக்கத்தில் கிளைக்கும். ஒடிக்கும்போது குழந்தைக்கு மொட்டை போடுவதுபோல மனசு கேட்காது. பூவும் கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் ஒடித்த செடியையும் ஒடிக்காத செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அப்புறம் ஒடிக்காமல் இருக்கமாட்டார்கள். வாடின பூவையும் உடனுக்குடன் நறுக்க வேண்டும். மொட்டுக்கும் வாடினதுக்கும் குழப்பம் வரும்: மொட்டு பொத்தான் மாதிரி உருண்டை, இதழ் கொட்டினது கூம்பு மாதிரி கூராக இருக்கும். இது தெரியாமல் நான் ஒரு சனிக்கிழமை முழுக்க மொட்டாகப் பார்த்து நறுக்கியிருக்கிறேன். நத்தை பற்றி ஒரே ஒரு வரி: முளை வெளியே வந்த முதல் இரண்டு வாரம் ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள், பகலில் தேடிப் பிரயோசனம் இல்லை.

இரண்டாம் வருட முடிவில் ஒன்பது கொத்து. போன தடவை ஈரத்தால் போயிற்று, இந்தத் தடவை காயவைத்தே காப்பாற்றுகிறேன் என்று திறந்த அட்டைப்பெட்டியில் வீட்டுக்குள், சூடான அறையில் வைத்தேன். ஆறு சுக்காகக் காய்ந்து கிடந்தது, தட்டினால் கட்டைச் சத்தம். மூன்று பிழைத்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்குப் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரோஜா வளர்த்திருக்கலாம் என்று யோசித்தேன்.

மூன்றாம் வருடம் கை அதுவாகவே நிதானமாகிவிட்டது. மூன்று கொத்தையும் தொட்டியில் தலை மட்டும் வெளியே தெரிய வைத்து, 20 டிகிரி அளவில் சூடான இடத்தில் முளைக்கவைத்தேன். முளை 7, 8 சென்டிமீட்டர் வளர்ந்ததும் அடியில் கிழங்கின் சின்னச் சீவலோடு சேர்த்து அறுத்து, கீழ் இலையைக் கிள்ளிவிட்டு ஈர மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்ததில் குத்திவைத்தேன். பத்து குத்தினதில் ஏழு வேர் பிடித்தது, ஏறக்குறைய மூன்று வாரத்தில். பிடிக்காத மூன்றும் நான் ரொம்ப வளரவிட்டு அறுத்தவை, வெட்டுவாயில் குழல் விழுந்திருந்தது. உள்ளே கெட்டியாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். தாய்க் கொத்து அப்புறமும் முளை விடும், அதைப் பிரித்ததில் 11 துண்டு. மொத்தம் 18 செடி, காசு செலவில்லாமல்! விதையில் இது நடக்காது. டாலியாவுக்குக் குரோமோசோம் எட்டு தொகுதி, விதை போட்டால் என்ன நிறம், என்ன உருவம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேடிக்கை பார்க்க விதை நல்லது, அதே பூ வேண்டுமென்றால் கிழங்கு அல்லது தண்டுத் துண்டுதான்.

பருவத்தின் நடுவில் இன்னொரு அடி. அந்த ஒயின் நிறச் செடியின் இலையில் நரம்பை ஒட்டி வெளிர்மஞ்சள் கோடு ஓட ஆரம்பித்தது. சத்துக் குறைவு என்று நினைத்துத் தெளித்துப் பார்த்தேன், மற்றவை இடுப்பளவு வளர அது முழங்காலிலேயே நின்றது, புது இலை சுருண்டு கோணலாக வந்தது. டாலியா மொசைக் வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. கிழங்கிலும் இருக்கும், தண்டுத் துண்டிலும் இருக்கும், அசுவினிப் பூச்சி வழியாகவும் வெட்டுகிற பிளேடு வழியாகவும் அடுத்த செடிக்குப் போகும். அந்தத் தாயிலிருந்து மூன்று கிழங்குத் துண்டு, மூன்று தண்டுத் துண்டு, ஆக ஆறு செடி. முதல் வருடத்திலிருந்து கூடவே வந்த ஒரே ரகம். நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் ஆறையும் பிடுங்கிக் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன், மக்கும் குழியில்கூடப் போடவில்லை. இப்போதெல்லாம் ஒரு கொத்து முடித்து அடுத்ததைத் தொடும் முன் கத்தியை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் முக்கித் துடைக்கிறேன். தலைப்பகுதியில் பூக்கோசு மாதிரி சொரசொரப்பான கட்டி தெரிந்தாலும் அதே கதிதான், அது கழலை நோய்.

மிச்சம் 12 செடி. இலையுதிர்காலத்தில் அவசரப்படவில்லை. பகல் வெளிச்சம் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் கிழங்கு மும்முரமாகத் திரள்கிறது, பூ குறைந்துவிட்டதே என்று முன்னாடியே தோண்டினால் தோல் முற்றாத பிஞ்சுக் கிழங்குதான் கிடைக்கும், அது தங்காது. முதல் உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, ஒரு வாரம் மண்ணிலேயே விட்டேன். பிறகு தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் தளர்த்தி, அடியிலிருந்து இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினேன். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து போய்விடும், கழுத்து போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, தண்டுக் குழலில் தண்ணீர் தங்காமல் வடியவிட்டு, ஓரிரு நாள் நிழலில் உலர்த்திப் பிரித்ததில் 46 துண்டு. லேசாக ஈரம் தெளித்த வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்துவைக்கிற லேசான கனிமத் துகள்), ஒன்றை ஒன்று தொடாமல், காற்றுத் துளை போட்ட டப்பாவில் அடுக்கி, 4 முதல் 10 டிகிரிக்குள் நிற்கிற இடத்தில் வைத்தேன். மாதம் ஒரு தடவை திறந்து தொட்டுப் பார்ப்பேன். சுருங்கினால் கொஞ்சம் ஈரம் தெளிப்பேன், ஒரு பக்கம் மெத்தென்று ஆனால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை உலர்த்தி வைப்பேன், பாதிக்கு மேல் போனால் மொத்தமும் வெளியே. 39 பிழைத்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. பெயரைக் கிழங்கின் மேலேயே எழுதுங்கள், பென்சில் மாதிரி இருக்கிற, ஈரத்தில் எழுத்து அழியாத எழுதுகோல் ஒன்று கிடைக்கும், அதில். டப்பாவுக்குள் சீட்டுப் போட்டு வைத்த என்னுடைய சீட்டு எல்லாம் வெர்மிகுலைட் ஈரத்தில் ஊறி நீல நிறக் கறையாகி இருக்கிறது. இப்போது 39 துண்டும் மேசைமேல் வரிசையாக இருக்கிறது. எல்லாக் கிழங்கும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்பது தொட்டியில் "மஞ்சளாக இருக்கலாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், மிச்சத்துக்கு வெறும் கேள்விக்குறி.